தங்கையைப் பார்க்க இங்கிலாந்து போகிறோம்: வயலும் ஆடும் பார்க்க எங்கே போகலாம்?

கம்பம் விவசாயி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது. கம்பம் பக்கத்தில் ஒரு கிராமம். மூன்று ஏக்கர் நெல், ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை, இருபது உருப்படி ஆடு. என் தங்கை இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவள் போய் 19 வருடம் ஆகிறது. இத்தனை நாளும் அவள்தான் லீவு எடுத்துக்கொண்டு இங்கே வந்து போவாள். அம்மா இருந்தவரை நான் ஊரைவிட்டு நகர முடியாது. போன வருடம் அம்மா போய்விட்டார்கள். இந்த வருடம் நானும் என் மனைவியும் அவள் வீட்டுக்குப் போகிறோம். விசா வந்துவிட்டது.

மே 4 புறப்பட்டு மே 27 திரும்ப நினைக்கிறோம். அதற்கு மேல் என்னால் தங்க முடியாது. ஜூன் 1-ம் தேதி முதல் போகத்துக்குப் பெரியாறு தண்ணீர் திறப்பது எங்கள் பக்கத்து வழக்கம். 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கும் அந்தத் தண்ணீர்தான். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளில் நான் ஊரில் இருந்தாக வேண்டும்.

மாப்பிள்ளை பிரியமாக ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார். லண்டன் பாலம், அரண்மனை, மெழுகுச் சிலை, எடின்பரோ கோட்டை என்று போகிறது. எனக்கு அந்த ஊர் விவசாயம் பார்க்க வேண்டும். வயல், ஆடு, மாடு, வேலி, தண்ணீர் எப்படி என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தங்கையிடம் கேட்டால், "அண்ணே, நானே அதெல்லாம் பார்த்ததில்லை, வீடு விட்டால் வார்டு, வார்டு விட்டால் வீடு" என்கிறாள். 19 வருடத்தில் அவள் ஒரு வயலில் கால் வைக்கவில்லை என்பதைக் கேட்டு எனக்குத் தாங்கவில்லை. அவளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. படி ஏறினால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. சமதரையில் மெதுவாக ஒரு மணி நேரம் நடப்பாள்.

அடுத்தவர் நிலத்துக்குள் நடந்து போக அங்கே விடுவார்களா? தங்கைக்குக் கொஞ்சம் திராட்சை கொண்டுபோகலாமா? இன்னொன்று, எங்கள் பகுதிக்காரன் இங்கிலாந்து போய்விட்டு, முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக் அய்யாவின் சமாதியைப் பார்க்காமல் வரக் கூடாது. அது எங்கே இருக்கிறது, லீட்ஸிலிருந்து எவ்வளவு தூரம்? தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

குமரிக்காரன்:

அண்ணாச்சி, நான் லீட்ஸில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். நீங்கள் தேடுவது உங்கள் தங்கை வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலேயே இருக்கிறது. யார்க்‌ஷயர் டேல்ஸ் என்று பெயர். டேல் என்றால் பள்ளத்தாக்கு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற உங்களுக்கு அந்த ஊரின் அமைப்பு ஒரே நாளில் பிடிபட்டுவிடும்: இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, ஆற்றோரம் புல்வயல், மேலே மேய்ச்சல் காடு. 1954-லேயே அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். ஆனால் நம் ஊர் மாதிரி ஆட்களை வெளியேற்றிய காடு அல்ல. உள்ளே ஊர்கள் இருக்கின்றன, நிலம் பெரும்பாலும் தனியாருடையது, விவசாயம் நடக்கிறது.

அடுத்தவர் வயலில் நடப்பதைக் கேட்டீர்கள். தாராளமாக நடக்கலாம், ஆனால் பாதையில் மட்டும். தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் நடந்த தடத்துக்கு இங்கே சட்டப்படி உரிமை உண்டு. 'பப்ளிக் ஃபுட்பாத்' என்று மரப்பலகை இருக்கும், வழியில் மஞ்சள் அம்பு அடித்திருப்பார்கள். நிலத்துக்காரர் அந்தப் பாதையை மறிக்க முடியாது, நீங்களும் அதைவிட்டு விலகக் கூடாது. கேட் திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் நீங்கள் போன பின் மூடுங்கள். கன்றுக்குட்டியோடு மாடு நின்றால் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள். உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்காவின் முழங்காலுக்குத்தான் யோசித்து இடம் பார்க்க வேண்டும். பல பாதைகளில் வயலுக்கு வயல் கல்சுவரில் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். படியே இல்லாத பாதைகளைத் தேசியப் பூங்காக்காரர்கள் தனியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அதில் மால்ஹாம் ஊரிலிருந்து மால்ஹாம் கோவ் அடிவாரம் வரை போவது முதல் நாளுக்கு நல்லது. ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும், சரளை போட்ட பாதை. முடிவில் 80 மீட்டர் உயரத்தில் அரைவட்டமாக ஒரு சுண்ணாம்புப் பாறை நிற்கும், அடியிலிருந்து ஓடை வரும். ஒரு காலத்தில் மேலிருந்து அருவி விழுந்த இடம். 2015 டிசம்பர் புயல் மழையில் கொஞ்ச நேரம் மட்டும் மறுபடி விழுந்தது. பாறைக்கு மேலே போக 400 படி. அதை நீங்கள் ஏறுங்கள், அக்கா கீழே ஓடைக்கரையில் உட்காரட்டும். அந்தப் பாறையில் பைரி என்ற வேட்டைப் பறவை கூடு கட்டும். மே மாதம் குஞ்சுக்கு இரை கொண்டுவருவதை அடியில் இருந்தே பார்க்கலாம்.

இன்னொரு நாள் ரயில். லீட்ஸிலிருந்து கார்லைல் போகும் வண்டியில் ஏறி ரிப்பிள்ஹெட்டில் இறங்குங்கள். 1870-களில் கட்டிய 24 வளைவுப் பாலம் அங்கே இருக்கிறது. 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். அடியில் சதுப்பு நிலம். கட்டும்போது அம்மையிலும் விபத்திலும் இறந்த தொழிலாளர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பக்கத்துச் சின்ன தேவாலயத்து மண்ணில் புதைத்தார்கள், ஏறக்குறைய 200 பேர். 1980-களில் இந்தப் பாதையையே மூடப் பார்த்தார்கள். ஜனங்கள் விடாமல் போராடி 1989-ல் காப்பாற்றினார்கள். 2010 கடைசியில் நின்றுபோன மதுரை-போடி ரயில் 2023-ல் திரும்ப வந்தபோது உங்கள் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

திராட்சை கொண்டுவராதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பழத்தை விடமாட்டார்கள். நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாமே தடை.

முக்கியமாக ஒன்று. உங்கள் தொழுவத்தில் போடும் செருப்பை இங்கே கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தே ஆக வேண்டும் என்றால் அடிப்பக்கம் தேய்த்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள். நம் ஊரில் மாட்டுக்குக் கோமாரி நோய் வந்தால் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, தடுப்பூசி போட்டுச் சமாளிக்கிறோம். இங்கே 2001-ல் அது பரவியபோது 60 லட்சத்துக்கும் மேல் ஆடு மாடுகளைக் கொன்றார்கள். நாடு முழுக்க நடைபாதைகளையே மூடிவிட்டார்கள். அந்தப் பயம் இந்த விவசாயிகளுக்கு இன்னும் போகவில்லை.

பென்னிகுயிக் சமாதி தெற்கே, சர்ரேயில் ஃப்ரிம்லி என்ற ஊரில், செயின்ட் பீட்டர் தேவாலயத்தில் இருக்கிறது. பக்கத்து ஊரான கேம்பர்லியில்தான் 1911-ல் இறந்தார். தமிழ்நாடு அரசு 2022-ல் வைத்த சிலையும் கேம்பர்லியில் இருக்கிறது. லீட்ஸிலிருந்து ரொம்பத் தூரம், ஆனால் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கம். திரும்பும் நாள் காலையிலேயே கிளம்பி அங்கே போய்விட்டு விமானத்துக்கு வாருங்கள்.

நெல்லைச் சீமை:

மாற்றிச் சொல்வதற்கு மன்னிக்கவும். இவ்வளவு செலவு செய்து போகிறீர்கள், வாழ்நாளில் இன்னொரு தடவை அமையுமோ என்னவோ. லண்டனும் எடின்பரோவும் பார்க்காமல் வந்தால் பிறகு மனது அடித்துக்கொள்ளும். ஆடு மாடு நம் வீட்டிலேயே இருக்கிறது. என் பெற்றோரை அழைத்தபோது முதல் வாரம் நகரங்கள், பிறகுதான் கிராமம் என்று வைத்தோம். எடின்பரோ கோட்டையில் நின்று அப்பா பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

யாழ் அக்கா:

வணக்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணம், பிராட்ஃபோர்டில் 27 வருசமாக இருக்கிறேன். இடமெல்லாம் தம்பி வடிவாகச் சொல்லிவிட்டார். நான் தங்கச்சிக்காக எழுதுகிறேன்.

நானும் ஆஸ்பத்திரியில்தான் வேலை செய்தனான். பன்னிரண்டு மணித்தியால ஷிப்ட் முடிந்து வந்தால் சோறு போட்டுச் சாப்பிடக்கூடத் தென்பிராது. நீங்கள் வருகிறீர்கள் என்று அவ லீவு எடுத்திருப்பா, ஆனால் எல்லா நாளும் கிடைக்காது. நைட் முடிந்து வந்த அன்றைக்கு அவவைக் கார் ஓட்ட விடாதேங்கோ. கிழமைக்கு இரண்டு நாள் வெளியே போனால் போதும். மற்ற நாள் வீட்டில் இருந்து கதையுங்கோ. அண்ணன் வந்து வீட்டில் இருக்கிறதே அவவுக்குப் பெரிய காரியம்.

பயணக் காப்புறுதி எடுக்காமல் விமானம் ஏற வேண்டாம். இங்கே அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம்தான், ஆனால் வார்டில் படுக்க வைத்தால் வெளிநாட்டவருக்குச் சாதாரணக் கட்டணத்தில் 150 சதவீதம் அறவிடுவார்கள். மருந்துகளைப் பெட்டியோடு, டொக்டர் துண்டோடு கொண்டு வாங்கோ.

மே மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு வெளிக்கிடக் கூடாது. மலையில் காத்து அடிக்கும், குடை நிற்காது. தொப்பி வைத்த மழைக்கோட்டும், நனையாத சப்பாத்தும் அக்காவுக்கு முதலில் வாங்கிக் கொடுங்கோ. ஒரு கைத்தடியும். புளிச்சோறு கட்டிக்கொண்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனால் எந்தக் கல்லிலும் இருந்து சாப்பிடலாம். பொழுதுபட ஒன்பது மணியாகும், அவசரப்பட வேண்டாம். பள்ளத்தாக்குக்குள் போன் எடுக்காது, போகும் வழியை முன்கூட்டியே யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கோ.

புல்லுக்குள் நடந்து வந்தால் இரவு கால் மடிப்புகளைப் பாருங்கோ, உண்ணி ஏறியிருக்கும்.

கம்பம் விவசாயி:

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா சொன்னதைப் படித்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டு, எந்தெந்த நாள் உனக்கு ஓய்வு என்று மட்டும் கேட்டேன். அதை வைத்துத்தான் எல்லாம். நெல்லைத் தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. லண்டனுக்கு ஒரு நாள் வைத்திருக்கிறோம். எடின்பரோவை விட்டுவிட்டேன். போய் வந்து எழுதுகிறேன்.

கம்பம் விவசாயி:

போய் வந்துவிட்டோம். நடவு முடிந்து இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

மால்ஹாம் குமரித் தம்பி சொன்னபடியே இருந்தது. 400 படியும் ஏறினேன். மேலே பாறை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்து, கோடைக் கண்மாய் மாதிரி கிடக்கிறது. வெடிப்புக்குள் கையை விட்டால் குளிர்ச்சி, அடியில் பெரணிச் செடி. அன்று பின்னேரம் ஜேனட்ஸ் ஃபாஸ் என்ற சின்ன அருவிக்குப் போகும் வழியில் மரத்தடி எல்லாம் வெள்ளைப் பூவாக இருந்தது. என் மனைவி நின்று மூச்சை இழுத்து, "பூண்டு வாடை அடிக்குதே" என்றாள். காட்டுப்பூண்டாம். இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, ரசத்துக்கு ஆகுமா என்று தங்கையிடம் கேட்டாள்.

ஆனால் நான் விரிவாக எழுத விரும்புவது ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் மியூக்கர் என்ற ஊரைப் பற்றி. ஹாஸ் ஊரில் பாலாடைக்கட்டிப் பண்ணையைப் பார்த்துவிட்டு, ஒரு மலைக்கணவாய் ஏறி இறங்கி அங்கே போனோம். தங்கைதான் கார் ஓட்டினாள்.

ஊருக்குப் பின்னால் புல்வயல்கள். நடுவே அகலம் குறைந்த கல்பாவிய தடம். ஒருவர் பின் ஒருவராக நடக்கவும் என்று போர்டு வைத்திருந்தார்கள். அந்தப் புல்தான் ஆடு மாடுகளுக்குக் குளிர்காலத்துத் தீவனம். மே மாதம் ஆடுகளை வெளியேற்றி வயலை அடைத்து வைத்துவிட்டு, பூத்து விதை விழுந்த பின் ஜூலையில்தான் அறுக்கிறார்கள். வரப்பில் நடப்பது மாதிரி மூன்று பேரும் வரிசையாக நடந்தோம். எனக்கு முன்னால் தங்கை போனாள். பள்ளிக்கூடம் விட்டு வாய்க்கால் வரப்பில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு போவாளே, அந்த நடை அவளுக்கு மாறவே இல்லை.

வயலுக்கு ஒரு கல்கொட்டகை இருக்கிறது. ஒன்றில் கதவு திறந்திருந்தது, எட்டிப் பார்த்தோம். கீழே நாலைந்து மாடு கட்டும் இடம், மேலே பரணில் காய்ந்த புல் போடும் இடம். முன்காலத்தில் அந்த வயல் புல்லை அங்கேயே அடைத்து, குளிர்காலம் முழுக்க மாட்டையும் அங்கேயே கட்டி, எருவை அந்த வயலுக்கே போட்டிருக்கிறார்கள். எருவை எங்கேயும் சுமக்க வேண்டியதில்லை. நாம் அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுகிறோம், அதே கணக்கு. உள்ளே பழைய புல் கொஞ்சம் கிடந்தது. தங்கை குனிந்து ஒரு பிடி எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் இடிந்த கல்சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார். பனியில் கல் நெகிழ்ந்து வருடா வருடம் எங்காவது சரியுமாம். சிமெண்ட் இல்லை, மண் இல்லை, வெறும் கல்தான். நான் அரை மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு முகமாகச் சுவர் எழுப்புகிறார், அடி அகலம், மேலே போகப்போகக் குறுகல். நடுவில் உள்ள இடைவெளியில் சின்னச் சின்னக் கல்லாகத் தேர்ந்து, ஆட்டினால் ஆடாதபடி அடைக்கிறார். மண்ணை அள்ளிக் கொட்டினால் மழையில் கரைந்து சுவர் உப்பிவிடுமாம். முழங்கால் உயரத்தில் ஒரு வரிசை நீளக்கல் குறுக்கே வைத்து இரண்டு முகத்தையும் சேர்த்துப் பிடிக்க வைக்கிறார். கையில் எடுத்த கல்லை அவர் திரும்பக் கீழே போடவே இல்லை. கையில் ஒரு தடவை திருப்புகிறார், அதற்கென்று ஓர் இடம் கிடைத்துவிடுகிறது.

அவர் பேசிய இங்கிலீஷ் எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. தங்கை தயங்காமல் பேசினாள். வார்டில் 19 வருடமாக இந்த மாதிரிப் பெரியவர்களோடுதானே பேசியிருக்கிறாள். நான் விவசாயி, ஆடு வைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னதும் அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார். எத்தனை ஆடு, என்ன இனம், ஓநாய் உண்டா என்று கேட்டார். செந்நாய் உண்டு என்றேன். மலைமேல் இருந்த அவருடைய ஆடுகளைக் காட்டினார். கறுப்பு முகம், மூக்கைச் சுற்றி வெள்ளை, கிடாவுக்கும் பெட்டைக்கும் சுருண்ட கொம்பு. முதுகில் அடையாளத்துக்குச் சாயம். மேலே காட்டில் வேலியே கிடையாது. தாய் ஆடு மேயும் எல்லையைக் குட்டி கூடவே திரிந்து பழகிக்கொள்ளும், அது தன் குட்டிக்குப் பழக்கும். 2001-ல் கோமாரியால் மந்தை மொத்தமாக அழிந்த இடங்களில், வாங்கிவந்த புது ஆட்டுக்கு எல்லை பழக்க வருடக்கணக்காக ஆனதாம். எங்கள் பக்கத்து மலைமாடுகளை நான் சொன்னேன். காட்டுக்குள் மேய விட மறுப்பதால் கிடைகள் குறைந்துபோனதையும் சொன்னேன். தங்கை அதை மொழிபெயர்க்கும்போது நடுவில் நிறுத்தி, "அண்ணே, நம்ம பெரியப்பா கிடையும் இல்லையா இப்போ?" என்று என்னைக் கேட்டாள். அது போய் எட்டு வருடம் ஆகிறது. போனில் எத்தனையோ பேசியிருக்கிறோம், இதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

கிளம்பும்போது பெரியவர் ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்து, நீ வை என்று சாடை காட்டினார். மூன்று இடம் பார்த்து வைத்தேன். மூன்றாவது இடத்தில் ஆடாமல் உட்கார்ந்தது.

என் மனைவி இதற்குள் ஒரு கேட் அருகே பலகையில் உட்கார்ந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டிகள் கூட்டமாக ஓடி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி அன்று இல்லை. கைத்தடி வாங்கச் சொன்ன யாழ் அக்காவுக்கு அவள் நன்றி சொல்லச் சொன்னாள்.

கடைசி நாள் ஃப்ரிம்லி. காலை பத்து மணிக்கு அந்தத் தேவாலயத்து வளாகத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பெயர் படித்துச் சமாதியைக் கண்டுபிடித்தோம். வழியில் வாங்கிய பூவை வைத்துக் கும்பிட்டோம். அப்புறம் கையில் இருந்த பாட்டிலில் மீதித் தண்ணீரை அந்தக் கல்லடியில் ஊற்றினேன். தங்கை பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி, கடைசிச் சொட்டு வரை அவளும் ஊற்றினாள். அங்கிருந்து நேராக விமான நிலையம் வந்துவிட்டோம்.

போகிறவர்களுக்கு ஒரு செய்தி: எங்களுக்கு ஓர் இடத்தில் மதியச் சாப்பாடு கிடைக்கவில்லை. கடைக்காரர் இரண்டரை மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டார். புளிச்சோறு கட்டிப் போனதால் தப்பித்தோம். கட்டாமல் போகாதீர்கள்.

தங்கை போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மியூக்கருக்கு மறுபடி போயிருக்கிறாள். புல் அறுப்பு நடந்துகொண்டிருந்ததாம், வீடியோ அனுப்பினாள். அந்தச் சுவரையும் தேடிப்போய்ப் படம் எடுத்திருக்கிறாள். மேல்வரிசைக்கு அடுத்த கீழ்வரிசை, இடது பக்கமிருந்து மூன்றாவது, கொஞ்சம் சிவந்த கல். அது நான் வைத்தது.